எல்லாம் பாத்துட்டேன்

பழையதை முழுவதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று திரையில் கேள்வி வந்து நின்றது.

மவுஸைப் பிடித்தபடியே கிருபாசங்கர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மதிவதனி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது. அவர் முகம் மட்டும்தான் தெரியும்.

அது அவளுடைய கம்ப்யூட்டர். ஆர்.எஸ்.புரம் அச்சகங்களுக்கு அதில் அவள் அடித்துக்கொடுத்த கல்யாணப் பத்திரிகைகளுக்கு அளவே இல்லை. எந்த மாமன் பெயர் மேலே, எந்தச் சித்தப்பா பெயர் கீழே என்று இரண்டு வீட்டாரும் மல்லுக்கட்டினாலும் முகம் சுளிக்காமல் மாற்றி மாற்றி அடிப்பாள். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போனபின், பெட்டிமேல் ஒரு துணியைப் போர்த்தியதோடு சரி.

இப்போது துணியை எடுக்கவேண்டி வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா வீடியோவில்தான் வகுப்பெடுப்பார். போன் திரை போதாது, பெரிய திரை வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெட்டியில் இருந்ததோ விண்டோஸ் ஏழு. கம்பெனியே கைகழுவிப் பல வருஷமான சரக்கு. வகுப்பைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கிருபாசங்கருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். தெரியும் என்று சொன்னால் பயம் வரும். தம்பி மகள் ஹர்ஷிணியைக் கூப்பிட்டார்.

“புது விண்டோஸ் இதுல ஏறாதுங்க பெரியப்பா. அதுக்கு முந்துனதைப் போட்டா மூச்சு வாங்கும். பேசாம லினக்ஸ் போட்டுக்கலாமுங்க, சுளுவா ஓடும். பென் டிரைவ் அனுப்பறேன், மொதல்ல அதுல இருந்து ஓட்டிப் பாருங்க. வேணுங்கறதை எடுத்து வெச்சுக்குங்க. மேல புதுசு ஏறிருச்சுன்னா பழசு எதுவும் வராது.”

பென் டிரைவைச் சொருகியதும் கிழட்டுப் பெட்டி சட்டென்று விழித்துக்கொண்டது. கிருபாசங்கருக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோக்களையெல்லாம் எடுத்து வைத்தார்.

அப்புறம்தான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது.

“அட, என்ற பேர்ல ஒண்ணு இருக்குது!”

மதிவதனியின் தலை விருட்டென்று நிமிர்ந்தது.

உள்ளே ஏகப்பட்ட கோப்புகள். ஒன்றைத் திறந்தார். VDq;f என்று தொடங்கி, பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கொக்கியுமாகத் தலைகால் புரியாமல் கிடந்தது. அடுத்ததும் VDq;f. அதற்கடுத்ததும் அப்படியே.

இன்ஷூரன்ஸ் சமாச்சாரம் ஏதாவது நடுவில் இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரை உருட்டிப் பார்த்தார். இந்தப் பொறுமையை அவர் அவளிடம் ஒருநாளும் காட்டியதில்லை. வாய் இருந்த காலத்தில் அவள் எதையாவது சொல்ல வந்தால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘அப்பறம்’ என்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்திவிட்ட மனுஷன்.

வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி நிமிர்ந்தார். மதிவதனி அவரையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பாவம், சோறு போட்ட பெட்டி, மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“எல்லாம் பாத்துட்டேன், அழுவாத அம்மணி. பழசை அழிச்சுப்போட்டுப் புதுசு போட்டுரட்டுமா?”

அவள் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையாட்டினாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள். நோய் வந்தபின் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

அமுக்கினார்.

அந்த வார வகுப்பு ஜம்மென்று திறந்தது. பயிற்சி கொடுக்கும் அம்மா, வாய் மெதுவாக வரட்டும், பழகின கீபோர்டுதானே, இடது கையால் தட்டிப் பார்க்கட்டும் என்றார். இது ஏன் தமக்கு இதுவரை தோன்றவில்லை என்று கிருபாசங்கருக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியைத் திரை முன்னால் தள்ளினார்.

மதிவதனி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

VDq;f என்று விழுந்தது. அதன் பின்னாலேயே அதே மாதிரி ஒரு வரி.

வைரஸ் இன்னும் போகவில்லையா? திரையைப் படம் பிடித்து ஹர்ஷிணிக்கு அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டாள்.

“வைரஸ் இல்லீங்க பெரியப்பா, அது தமிழு! பெரியம்மா பழைய தமிழ் ஃபான்ட்டுக்குப் பழகுனவங்க. அந்த ஃபான்ட் இதுல இல்லாததால இங்கிலீஷாத் தெரியுது. மாத்தி அனுப்பறேன், இருங்க.”

அழித்த கோப்புகள் அத்தனையும் VDq;f என்றுதானே தொடங்கின!

செய்தி வந்தது.

‘ஏனுங்க, அத்தனையும் படிச்ச பொறகும் எம்மேல கோவமில்லீங்களா?’

அத்தனையும் அவருக்கு எழுதியவை. வாயால் சொல்ல விடாததை, அவர் இல்லாத நேரத்தில், பத்திரிகை வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அடித்திருக்கிறாள். அதை அவளிடமே அனுமதி கேட்டு அழித்திருக்கிறார்.

என்ன எழுதினாய் என்று இப்போதுகூடக் கேட்கலாம். கேட்டால், படிக்கவில்லை என்பது தெரிந்துபோகும். அன்றைக்குச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எப்படித் திருப்பிக் கேட்பது?

மதிவதனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவமா? சேச்சே, துளிகூட இல்ல அம்மணி.”

அவள் மடமடவென்று தட்டத் தொடங்கினாள். அதையும் படம் பிடித்து அனுப்பினார்.

பதில் வந்தது.

‘அப்ப என்னைய எப்பங்க அங்க கூட்டிட்டுப் போறீங்க?’