முதுகில் இருந்த பெயர்

டிசம்பர் 11, வியாழன். இன்று ஒரு தவறு செய்தேன். மிஸ்டர் ஓர்லிக்கின் ஜெர்சியில் பெயரைப் பிரிக்கும்போது கடைசி எழுத்துக்குக் கீழே துணி கிழிந்துவிட்டது. அரை அங்குலம். அவரிடம் சொல்லவில்லை.

கோரின் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'அரை'யை அடித்துவிட்டு 'முக்கால்' என்று எழுதினாள்.

மாலை நேர எழுத்து வகுப்பில் ஆசிரியை சொல்லித்தந்த முறை இது. அன்றைய தவறில் தொடங்கு, மறுநாள் வேலையில் முடி, நடுவில் நடந்ததை நடந்தபடி எழுது.

அந்த நடுப்பகுதிதான் அவளுக்கு வருவதில்லை.

காலையில் தையல் கடை திறக்கும்போதே வாசலில் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேர் கையிலும் ஒரே நீல ஜெர்சி. முதுகில் ஒரே பெயர்: டாரன்ஸ். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து.

ஏழு வருடம் இந்த மில்வாக்கி ஊர் அணிக்கு பேஸ்பால் ஆடியவன். ஒப்பந்தம் முடிந்ததும் எந்த ஊர் அணியோடும் விலை பேசலாம் என்றாகிவிட்டது. இங்கே தருவதாகச் சொன்ன இருநூறு மில்லியன் டாலர் போதாது என்றான். முன்னூறுக்குச் சம்மதித்த இடத்தில் நேற்று கையெழுத்துப் போட்டான்.

சிகாகோவில். தொண்ணூறு மைல் தள்ளி, இந்த ஊர் எதை மன்னித்தாலும் மன்னிக்காத சிகாகோவில்.

செய்தி வந்தபோது கோரின்கூட ரேடியோவைப் பார்த்துத் திட்டினாள்.

அவள் ஏப்ரன் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. முதலாளி கர்ட்டிடம் சொல்லவேண்டிய வாக்கியம். மூன்று முறை திருத்தியது. 'நாலு வருஷமா அதே சம்பளம். மணிக்கு மூணு டாலர் கூட்டிக் குடுங்க.'

இன்றே கேட்டுவிடுவது என்று இருந்தாள். வேறோர் இடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாளை மதியத்துக்குள் பதில் வேண்டுமாம்.

வரிசையில் முதல் ஆள் லென் ஓர்லிக். பீர் ஆலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஜெர்சியை மேசைமேல் வீசினார்.

"பிடுங்கி எறிம்மா அவனை. கார் நிறுத்தவே என்கிட்ட முப்பது டாலர் புடுங்கறாங்க. அவன் ஷூ லேஸ் நான் வாங்கிக் குடுத்ததுதான், தெரியுமில்ல?"

"அக்டோபர்ல கடைசிப் பந்தை அடிக்காம வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னானே, அதுக்கா முன்னூறு?" என்றார் பின்னால் நின்றவர்.

கர்ட் சிரித்தார். "விடு லென். போற ஒவ்வொருத்தனும் எனக்கு நாலு வாரத்துக்கு வேலை குடுத்துட்டுத்தான் போறான்."

கோரின் தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கர்ட் சிரிப்பதை நிறுத்தினார். "எனக்குக் கோபம் பணத்துல இல்ல. அங்க பேசி முடிச்சுக்கிட்டு, இங்க ஒண்ணும் தெரியாதவன் மாதிரி திரிஞ்சான் பாரு, அதான். கடைசியா ஒரு வார்த்தை நம்மகிட்ட வந்து கேட்டானா?"

அப்போதுதான் ஊசி வழுக்கியது.

எட்டு எழுத்தையும் எடுத்த பிறகும் பெயர் போகவில்லை. ஏழு கோடை வெயிலில் சுற்றிலும் துணி வெளுத்திருந்தது. எழுத்து இருந்த இடம் மட்டும் புது நீலம். தள்ளி நின்றுகூட டாரன்ஸ் என்று படிக்கலாம்.

"இப்ப யார் பேரு வைக்கட்டும், மிஸ்டர் ஓர்லிக்?"

அவர் சுவரில் மாட்டியிருந்த ஜெர்சிகளைப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டி மறுத்தார்.

"என் பேரை வை. நான்தான் எங்கயும் போகப்போறதில்ல."

சொந்தப் பெயரைத் தைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிறவனை இந்த ஊரில் விடமாட்டார்கள், கிண்டலடித்தே ஒரு வழி பண்ணிவிடுவார்கள். இன்று வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிடப் போற வழியில வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓர்லிக், ஐந்து எழுத்து. எப்படி வைத்தாலும் அந்தக் கிழிசலை மறைக்காது. இரண்டு முறை அளந்து பார்த்தாள்.

அதன் பிறகு மூன்று டாரன்ஸ். மதியத்துக்கு மேல் இன்னும் ஐந்து. ஏப்ரன் பையிலிருந்த காகிதம் வியர்வையில் நைந்தது.

கடை சாத்தும்போது கர்ட் அவள் தோளைத் தட்டினார். "நாளைக்கும் கூட்டம் வரும். நீ இருக்கிற தைரியத்துலதான் ஒத்துக்கறேன்."

"சரி" என்றாள். காகிதம் பையிலேயே இருந்தது.

இப்போது வகுப்பில் மற்றவர்கள் நோட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். கோரின் பைக்குள்ளிருந்த கடிதத்தை எடுக்காமலே விரலால் தடவினாள். அதை வீட்டில்கூட யாருக்கும் காட்டவில்லை.

ஒரு பேஸ்பால் அணியின் உடை அறையில் தையல் வேலை. இப்போது வாங்குவதைவிட மணிக்கு ஆறு டாலர் அதிகம். ஜனவரி ஐந்தாம் தேதி சேரவேண்டும். முதல் வேலை, புதிதாக வரப்போகும் ஆட்டக்காரரின் ஜெர்சிகள்.

கடிதம் சிகாகோவிலிருந்து வந்திருந்தது.

அந்த எட்டு எழுத்தும் அவள் விரல்களுக்கு மனப்பாடம்.

கடைசி வரிகளை எழுதினாள். ஓரிடத்தில் 'சொல்வது' என்பதை அடித்துவிட்டு 'கேட்பது' என்று திருத்தினாள்.

நாளை: எட்டு மணிக்கு ஓர்லிக் ஜெர்சி, ஐந்து எழுத்து. அவர் வந்ததும் கிழிசலைக் காட்டுவது. அதற்கு முன்னால், கடை திறப்பதற்குள், கர்ட்டிடம் மூன்று டாலர் கேட்பது. பன்னிரண்டு மணிக்கு சிகாகோவுக்குப் பதில்.