டொய்வோவின் தோட்டாப் பெட்டி

டொய்வோ கழிவறைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், லாய்டின் கை நண்பருடைய துப்பாக்கிப் பெட்டிக்குள் போய்விட்டது.

விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கி எடை போட்டு அனுப்புகிறவள் நான். வட அமெரிக்காவில் இருக்கிற எங்கள் டுலூத் ஊரில், அக்டோபரில் மான் வேட்டை தொடங்கிவிட்டால் சூட்கேஸை விடத் துப்பாக்கிப் பெட்டிதான் அதிகம் வரும். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். சிநேகிதன் பெட்டியில் கை வைக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"லாய்ட், கையை வெளியே எடுங்க."

அதற்குள் என்னவோ அவர் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல லொரெய்ன். ஒழுங்கா அடுக்கியிருக்கானான்னு பார்த்தேன்."

"பைல என்ன?"

முகம் சிவக்க எடுத்துக் காட்டினார். துப்பாக்கியின் பின்பக்கம் இழுத்துத் தள்ளுவார்களே, அந்த இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கியும் ஒன்றுதான், விளக்குமாற்றுக் கட்டையும் ஒன்றுதான்.

எனக்கு வந்ததே கோபம்! இந்த இரண்டு பேரும் யார் என்று நினைத்தீர்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆள் உயரப் பெட்டியில் வில்லையும் அம்பையும் கொண்டுவந்து, "உள்ள என் மாமியார் இருக்காங்க, மெதுவா வை" என்று என்னை அலற வைத்தவர்கள். லாய்டின் தோள் நாண் இழுக்க மறுத்தபோது, தோள் நன்றாக இருந்த டொய்வோவும் வில்லைப் பரணில் போட்டுவிட்டார். இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் துப்பாக்கி வாங்கினார்கள். மொன்டானா காடுகளில் வேட்டையாடிவிட்டுத் திரும்பும்போது கொம்பும் கறியுமாக வந்து இறங்குவார்கள். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் மான் உப்புக்கண்டம் இருக்கும். அதெல்லாம் ஒரு காலம். அந்த மிளகு வாசனை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். கொஞ்ச வருஷமாக வெறுங்கையோடுதான் வருகிறார்கள்.

"நாப்பது வருஷ சிநேகிதன்கிட்டயே திருட்டா? போலீஸைக் கூப்பிடவா?"

"கத்தாதேம்மா, அவன் காதுல விழுந்துடப் போகுது." லாய்ட் குனிந்து கிசுகிசுத்தார். "அவனுக்குக் கண்ணு போயிடுச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, மான்னு நெனச்சுப் பண்ணைக்காரனோட குதிரையைக் குறி பார்த்தான். நான் குழலைத் தட்டிவிடலைன்னா சுட்டிருப்பான்."

"அப்போ, வராதேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? வேட்டைக்குப் போகாதேன்னா அந்தக் கெழவன் உசிரையே விட்டுடுவான். அதான் வருஷா வருஷம் இதை எடுத்து என் வண்டியில போட்டுட்டுப் போறேன். அங்க போய்த் தேடுவான். வீட்லயே மறந்து வச்சுட்டியேடா மடையான்னு நாலு திட்டு திட்டுவேன். பேசாம என் பின்னாடியே நடந்து வருவான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லாய்டின் மனைவி காரின் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க இவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று ஊரே பேசியது. அவ்வளவு துக்கத்திலும் நண்பனுக்காக யோசிக்கிற மனிதரைப் போய்த் திருடன் என்றேனே!

"சரி, ஓடுங்க. வண்டியில வச்சுட்டுச் சீக்கிரம் வாங்க."

அவர் அந்தப் பக்கம் போக, டொய்வோ இந்தப் பக்கம் வந்தார்.

"எங்கே போனான் அந்தச் சோம்பேறி?"

"கையுறையை வண்டியிலயே விட்டுட்டாராம்."

"தலை கழுத்தோட ஒட்டியிருக்கோ, பொழைச்சான். இல்லைன்னா அதையும் விட்டுட்டு வந்திருப்பான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உபயோகமில்லாத துப்பாக்கியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தப் போகிற மனிதர்! அட்டையை நீட்டினேன். துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

மற்ற வருஷங்களில் அத்தோடு விட்டுவிடுவேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க எனக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"தோட்டாப் பெட்டியைக் குடுங்க, எடை பார்த்துடறேன்."

"அது எதுக்கும்மா? ரொம்பக் கொஞ்சம்தான்."

"சட்டம்னா சட்டம்தான்."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கையில் வாங்கியபோதே தெரிந்தது, தோட்டாவின் கனம் இல்லை. மூடியைத் திறந்தேன்.

இருபது குழியிலும் இருபது பெப்பர்மின்ட் மிட்டாய்.

"டொய்வோ, என்ன இது?"

"அவன் வர்றானா பாரு."

"இல்ல."

"மூணு வருஷமா நான் தோட்டாவே வாங்கறதில்ல. குதிரைக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு எதைச் சுடறது?"

"அப்போ அந்த இரும்பு..." வாய் தவறி வந்துவிட்டது.

"எடுத்துட்டானா? நல்லது. அவன் பதறாம எடுக்கட்டுமேன்னுதான் வருஷா வருஷம் கழிவறையில போய்ச் சும்மா நின்னுட்டு வர்றேன்."

மிட்டாய்ப் பெட்டியை வாங்கி, துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே லொரெய்ன். என்னைக் காவல் காக்கணுமேன்னுதான் அவன் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கிறான்."