ஆழ்கடல் போட்ட திட்டம்

“வரமுடியாதுன்னு மெசேஜ் போட்டுட்டு இப்படி வந்து நிக்கிறீங்களேண்ணே!” என்று டைவிங் கடைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார்.

நான் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட மூன்று தாள்கள் இருந்தன. அவற்றின் படம் முன்பே அவர் போனுக்கு வந்திருந்ததாம். அதை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தப்பாக.

தாள்கள் எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருப்பவருடையவை. ‘ஆழ்கடல்’ என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டே எந்த மீன் எத்தனை அடி ஆழத்தில் இருக்கும் என்று சொல்வார். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவரைக் கிண்டல் செய்து ஓட்டாதவர்கள் கிடையாது. அவர் கோபித்துக்கொண்டதும் கிடையாது. கடைக்காரருக்கு அனுப்பும் செய்திகளையே ‘இப்படிக்கு, ஆழ்கடல்’ என்றுதான் முடிப்பாராம்.

‘குறைந்த செலவில் ஸ்கூபா டைவிங்’ என்று முதல் தாளில் தலைப்பே போட்டிருந்தார்.

தீவில் இருப்பது ஒரே ஒரு ரிசார்ட். அங்கேதான் தங்கியாக வேண்டும். ஆனால் கடலைப் பார்த்த அறை வேண்டாம். ஜெனரேட்டர் பக்கத்து அறை பாதி வாடகை. ரிசார்ட்காரர்களே நடத்தும் டைவிங்குக்கு மறந்தும் பேர் கொடுக்கக் கூடாது. சலவைக் கூடத்தை ஒட்டிய பின்கேட் வழியாகப் பத்து நிமிடம் நடந்தால், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இந்தக் கடை. அதே கடல், அதே மீன், மூன்றில் ஒரு பங்கு காசு. வருடத்தில் இரண்டே வாரம்தான் இங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும், கூட்டமும் இருக்காது. அந்தத் தேதிகளுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

தாள்கள் என் மேஜைக்கு வந்தன. யார் மேஜைக்கு எது வரும் என்பது நம் கையிலா இருக்கிறது?

ரிசார்ட்டில் என் மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை மலிவாக ஒரு பயணம் போட்டதற்கு, ‘எங்க வீட்டுக்காரர் மூளையே மூளை’ என்று தங்கை, நாத்தனார் ஒருவர் விடாமல் போன் செய்து சொல்லியிருந்தாள். நான் மறுக்கவில்லை.

“மூணு வருஷமா மெசேஜ்லயே பழகிட்டோம். நீங்க குள்ளமா இருப்பீங்கன்னு நெனச்சேண்ணே” என்றார் கடைக்காரர்.

நான் அவரில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்படியென்றால் நீங்கள் யார் என்று கேட்பார். சிரித்து வைத்தேன்.

உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். டைவிங் முகமூடி. கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தண்ணீருக்கடியில் ஒன்றுமே சரியாகத் தெரியாது. அதனால் ஆழ்கடலின் பவரைக் கேட்டு வாங்கி, அதற்கேற்ற லென்ஸ் பதித்த ஒன்றை எங்கெங்கோ அலைந்து பிடித்திருக்கிறார். ஒன்றரை வருடமாக வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். இதற்குக் காசு வேண்டாம் என்றார்.

கண்ணாடி எங்கே என்று கேட்டார். அறையில் இருக்கிறது என்றேன். பொய் ஆரம்பித்துவிட்டால் அதுபாட்டுக்கு வருகிறது.

போட்டுப் பார்த்தேன். கடை, படகு, அவருடைய முகம் எல்லாம் கலங்கிப்போயின. பளிச்சென்று தெரிகிறது என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆழ்கடலிடம் உறவில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். இந்நேரம் முத்திரை குத்திக்கொண்டிருப்பார்.

கடைக்காரர் படிவத்தை நீட்டினார். ஆழ்கடல் அனுப்பிய விவரங்களை வைத்து எப்போதோ நிரப்பியது. பெயர், வயது, ஆஸ்துமா இல்லை, காதில் கோளாறு இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி.

கை பழக்க தோஷத்தில் ஓடிவிட்டது. ஒரு நாளைக்கு ஐம்பது இடத்தில் போடுவது. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

படிவத்தை வாங்கியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் போனை எடுத்து, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனார். எதையோ கண்டுபிடித்து, போனைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆழ்கடலின் லீவு விண்ணப்பம். ஏன் வரமுடியவில்லை என்பதற்கு ஒவ்வொரு வருடமும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், பேச்சு மாறுகிறவன் என்று இந்த மனிதர் நினைத்துவிடக் கூடாதே என்று. மூன்று படங்கள். மூன்றிலும் ‘அனுமதி இல்லை’. அதன்கீழ் என் கையெழுத்து, கோடு, இரண்டு புள்ளி.

முதல் இரண்டு வருடமும் வேலை நெருக்கடி. அது நிஜம். மூன்றாவது விண்ணப்பத்தில், தேதியை ஏன் தள்ளிப்போட முடியாது என்று அதிகாரிக்குப் புரியட்டும் என்று தன் திட்டத்தையும் இணைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அலுவலகத்தை விட்டு ஒரே நேரத்தில் இரண்டு பேர் போக முடியாது.

எனக்குத் தலை நிமிரவில்லை. கடைக்காரர் முகமூடியை என் கையிலிருந்து வாங்கினார். துணியால் துடைத்தார். பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“அவருக்கு எப்ப சார் லீவு குடுப்பீங்க?”