பதினேழாம் இருக்கை

எரிபொருளை மிச்சம் பிடிக்கவென்றே வந்த புது விமானம். சிக்கனமென்றால் அப்படியொரு சிக்கனம்! இருக்கையில் எடை தெரிந்தால்தான் விளக்கும் குளிர்காற்றும் வரும்.

கொட்டகையில் காலியாக நின்ற அதில் பதினேழாம் இருக்கைக்கு மட்டும் காற்று வந்தது. திரை அறுபத்திரண்டு கிலோ என்றது. மெக்கானிக் சென்சாரை மாற்றியும் அதே அறுபத்திரண்டு. உடன் வேலை பார்ப்பவனின் கைவரிசையோ என்று அவருக்குச் சந்தேகம்.

"என்னை வெச்சு விளையாடுறியா?"

"சத்தியமா இல்லண்ணே. நீங்களே உக்காந்து பாருங்க," என்றான் அவன், திரையருகே நின்றபடி.

எழுபது கிலோ மெக்கானிக் உட்கார்ந்தார்.

"நூத்தி முப்பத்திரண்டு!"

விருட்டென்று எழுந்தார்.

"இப்ப ஜீரோண்ணே. சரியாயிடுச்சு."

மனசே இல்லாமல், பழுது நீங்கியதென்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பப் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து, பைக்கின் பின்பக்கம் இன்னொரு முறை அமுங்கியது.