முதல் பெயர்

"சார், கட்டுரையில என் பேர்தான் முதல்ல வரணும்."

இதை மட்டும் கேட்காதே என்று ஆய்வுக்குச் சேர்ந்த அன்றே சீனியர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் கட்டுரையில் இருக்கும் நான்கு வருடக் கணக்கு முழுவதும் நான் போட்டது. எங்கள் வீட்டில் இதுவரை ஒருவர் பெயரும் அச்சில் வந்ததில்லை.

பேராசிரியர் கோபப்படவில்லை. "ஏற்கனவே அப்படித்தாம்மா இருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினார். நாங்கள் இன்னும் எங்கும் அனுப்பாத கட்டுரை, ஆய்வுத் தரவுத்தளத்தில் ஏறியிருந்தது. முதலில் என் பெயர். பக்கத்தில், இறந்துபோன கட்டுரையாசிரியர்களுக்குப் போடும் சின்னச் சிலுவைக் குறி. அடிக்குறிப்பில் இறந்த தேதியாக வருகிற வியாழக்கிழமை இருந்தது.

"என் பேரை முதல்ல மாத்திப் போட்டா அந்தக் குறி போயிடும். உனக்கு முன்னாடி கேட்டவங்க எல்லாரும் மாத்தச் சொல்லிட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"உங்க முந்நூறு கட்டுரையும் இப்படி வந்ததுதானா சார்?"

அவர் சுட்டியில் கை வைத்தபடி, "மாத்திடட்டுமாம்மா?" என்றார்.

திரையை இன்னொரு முறை பார்த்தேன்.

"வேண்டாம் சார். என் பேரை எழுத்துப்பிழை இல்லாமப் போட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.