ஏழெட்டு

கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் மிச்சமிருக்கும் பொத்தான் ஓட்டைகளை முடித்தாக வேண்டும்.

கோட்டை வெட்டியது என் வீட்டுக்காரர். டெய்லர். தலையில் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

மண்டைக்குள் கட்டி என்று தெரிந்ததும், பேசுவதற்குத் துணையாக இவருடைய அக்காவைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நான் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனாருக்கு ஆபீஸ் வேலை. இந்த ஊர் பாஷை தண்ணிபட்ட பாடு. பிள்ளைகள் தமிழில் வாயைத் திறந்தால், "தமிழா சோறு போடப்போகுது?" என்று அதட்டுவார்.

டாக்டர் ஊர் பாஷையில் சின்னச் சின்னக் கணக்காகக் கேட்டார். இவரும் பதில் சொன்னார். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அண்ணி குறுக்கே விழுந்தார். "இவனுக்கு உங்க பாஷையில கணக்கு வராது டாக்டர்."

இவர் முகம் செத்துப்போனது.

வெளியே வந்ததும், "ஏன்க்கா மானத்தை வாங்குற? எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?" என்றார்.

"அது சில்லறைக் கணக்குடா. அளவெடுத்து வகுக்கறப்ப உன் உதடு என்ன முணுமுணுக்கும்? வாயிலதான் ஊர் பாஷை. மண்டையில தமிழ் வாய்ப்பாடு."

சொல்லிவிட்டு அண்ணி மறுபடி உள்ளே போய் டாக்டரோடு மல்லுக்கு நின்றார். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது.

 தம்பி உயிரைவிட அண்ணிக்கு வாதம் பெரிசா? ஆனால் கேட்கவில்லை. எனக்கு ஏது வாய்!

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னை உட்காரவைத்து, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

இவரை முழிப்பாக வைத்துக்கொண்டுதான் கட்டியை எடுத்தார்களாம். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வோர் இடமாக லேசான கரண்ட் கம்பியால் தொட்டுத் தொட்டுக் கணக்குக் கேட்டார்களாம். பதில் நின்றுபோனால் அந்த இடத்தை வெட்டக் கூடாதாம். ஓர் இடத்தில் தொட்டபோது ஊர் பாஷைக் கணக்குக்கெல்லாம் பட்பட்டென்று பதில் வந்ததாம். அதே இடத்தில் தமிழில், "ஏழெட்டு?" என்று கேட்டதும் ஆள் ஊமை.

கம்பியை எடுத்த பிறகுதான், "ஐம்பத்தாறு."

"ஊர் பாஷையில மட்டும் கேட்டிருந்தா, அந்த இடத்தை வெட்டித் தள்ளியிருப்பேன்மா. உங்க வீட்டுக்காரர் கத்தரிக்கோலைத் தொட்டிருக்க முடியாது."

"தமிழ்ல யார் கேட்டது டாக்டர்?"

டாக்டர் வராந்தாவைக் காட்டினார். தலையில் மாட்டிய பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், பெஞ்சில் வாயைத் திறந்தபடி அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். என் விரலில் ஊசி குத்தினாலே கண்ணை மூடிக்கொள்கிற அண்ணி.

"உள்ளே நிக்க அவங்களுக்கு அனுமதி வாங்கத்தான் ஒரு வாரம் ஆச்சு" என்றார் டாக்டர்.

இப்போது உள்ளறையில் கத்தரிக்கோல் சத்தம். கூடவே, "நாப்பத்தஞ்சுல கால்வாசி பதினொண்ணேகால்" என்று முணுமுணுப்பு. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த முணுமுணுப்பில்தான்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நாக்கு எழும்பவில்லை. இந்தக் கோட்டு அவருக்குத்தான். இன்றைக்குப் போட்டுப் பார்க்க வரும்போது, எப்படியாவது கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி, அன்னிக்கு நீங்க மட்டும்...

"ஏன்டி, ஏழெட்டு வாட்டி கூப்பிட்டாச்சு! காதுல பஞ்சா? கதவைத் திற!" வாசலில் அண்ணி.

"ஐம்பத்தாறு!" உள்ளேயிருந்து இவர்.

இதோ வந்துட்டேன் அண்ணி, இந்த நூலை மட்டும் அறுத்துட்டு