இடது கையில் நாலு விரல்

அந்தம்மா டூப் விடுறாங்கன்னு பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

தெரியாதா பின்னே? மூணு வாரமா கண்காட்சிக் கூடத்துல அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே நிக்கிறவன் நான். சர்க்கஸ்காரி ஒருத்தி ஊஞ்சல் கம்பியில ஒத்தைக் கையால தொங்குற மாதிரி கல்லச்சுப் படம். நவீன ஓவியமாம். மூஞ்சிக்கு மொத்தமே ரெண்டு கோடு. விரிச்ச இடது கையை மட்டும் பார்த்துப் பார்த்து வரைஞ்சிருப்பார். அதுல சுண்டுவிரல் இருக்காது.

ஓவியர் போய்ச் சேர்ந்துட்டார். "அந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சு இதைக் கொடுத்துடு"ன்னு மககிட்ட சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம். பேரு, விலாசம் ஒண்ணும் தெரியாது. மக பேப்பர்ல விளம்பரம் கொடுத்தாங்க. கண்காட்சி முடியறதுக்குள்ள ஆள் வரலைன்னா படம் வெளிநாட்டு மியூசியத்துக்குப் போயிடும்.

போட்டதுதான் தாமதம், ஆளாளுக்குக் கிளம்பி வந்துட்டாங்க. ஒருத்தி விரலை மடக்கி பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்தா. விசாரிச்சு, சரின்னு பட்டா மட்டும் மாடிக்கு அனுப்பச் சொல்லி, மக அந்தப் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போச்சு.

கடைசி நாள் மத்தியானம் இந்தம்மா வந்தாங்க. அறுபது வயசு இருக்கும். படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது நான்தான் தம்பி"ன்னு கையை நீட்டினாங்க. சுண்டுவிரல் நிஜமாவே இல்லை. கயித்துல மாட்டிப் போயிடுச்சாம்.

ஆனா அது வலது கை.

"ஏம்மா, படத்துல இருக்கறது இடது கை. கிளம்பும்போது எந்தக் கைன்னாவது பார்த்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

அந்தம்மா படத்தையும் தன் கையையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "மறைச்சு மறைச்சு வச்சிருந்த கை தம்பி. அவர்தான், இதையும் காட்டும்மான்னார். ஏன் மாத்தி வரைஞ்சார்னு தெரியலையே" அப்படின்னாங்க. அப்புறம் கையைப் பைக்குப் பின்னால மறைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அரை மணி கழிச்சு காலேஜ் பசங்க ஒரு கூட்டமா வந்தாங்க. மனப்பாடம் பண்ணினதை வழக்கம்போல ஒப்பிச்சேன்.

"இந்த மாதிரிப் படத்தை முதல்ல கல்லு மேல வரைவாங்க. மை தடவி, அதும்மேல காகிதத்தை வச்சு அழுத்துவாங்க. அதனால கல்லுல வலது பக்கம் வரைஞ்சது, படத்துல இடது பக்கமா..."

அந்தம்மா நீட்டினது வலது கை. தினம் பத்து தடவை நானே சொல்ற பாடம் இது.

தெருவுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாப்பு, டீக்கடை, எதிர் சந்து, எங்கேயும் இல்லை. பாவி, பேரையாவது கேட்டு வச்சிருக்கலாம்.

சாயங்காலம் படத்தைப் பெட்டியில வைக்கறப்போ ஓவியரோட மக இறங்கி வந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. இன்னிக்காவது யாராவது வந்தாங்களாண்ணேன்னு கேட்டாங்க.

சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். போனா போகுதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா பெட்டியை நிறுத்திட்டுத் தேடியிருப்பாங்க. இப்போ நினைச்சு என்ன செய்ய?

"இல்லம்மா, யாருமே வரலை"ன்னு சொல்லிட்டேன்.